சிறுநீர் ஏன் கலங்குகிறது? ‘சூடு’ என்று ஒதுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை வெயில் ஏறிவிட்டால் சேலத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நீர்க்கடுப்பா இருக்குங்க, ஒண்ணுக்கு கலங்கலா போகுது. ஏதாச்சும் மாத்திரை குடுங்க.” கடையில் ஒரு சிரப்பும் நாலு மாத்திரையும் கிடைக்கும். வீட்டில் சொன்னால், “எல்லாம் சூடுதான், ரெண்டு இளநி குடிச்சா சரியாப் போயிரும்” என்பார்கள். கைப்பேசிக்கு வந்து சேரும் செய்திகளோ, “கிட்னி பழுதாவதன் முதல் அறிகுறி” என்று மிரட்டும்.

ஒரே அறிகுறிக்கு மூன்று விளக்கங்கள். இவற்றில் எது பொருந்தும் என்பதைக் கலங்கலை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, டாக்டர் உட்பட. எரிச்சல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

கலங்கல் என்பது என்ன?

நமது சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் 99 சதவீதம் உடம்புக்கே திரும்பிப் போய்விடும். மிஞ்சும் ஒன்று முதல் இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. யூரியா, யூரிக் அமிலம், கால்சியம், பாஸ்பேட், சோடியம் என்று பலவும் அதில் கரைந்திருக்கும். கரைந்திருக்கும் வரை சிறுநீர் தெளிவாகவே இருக்கும். சர்க்கரை போட்ட தண்ணீரில் சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லையே, அதுபோல. கரையாத துகள்கள் மிதக்க ஆரம்பித்தால் ஒளி சிதறும். அப்போது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கலாகத் தெரியும். கலங்கல் என்பது இவ்வளவுதான்.

நிறத்தையும் கலங்கலையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்மஞ்சளாகும், ஆனால் தெளிவாகவே இருக்கலாம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளீர் மஞ்சள். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பு. இவை எதுவும் கலங்கல் ஆகாது. நுரை வருவது இன்னொரு சங்கதி. அதைப் பின்னால் பார்க்கலாம்.

சிறுநீரில் மிதக்கக்கூடியவை இவை:

1. உப்புப் படிகங்கள். பெரும்பாலும் பாஸ்பேட், யூரேட், ஆக்சலேட்.
2. செல்கள். வெள்ளணுக்கள், சிவப்பணுக்கள், சிறுநீர்ப் பாதையின் உள்தோலிலிருந்து உதிர்பவை.
3. கிருமிகள். பாக்டீரியா, சில நேரம் பூஞ்சை.
4. வழியில் கலப்பவை. வெள்ளைப்படுதல், சளி, விந்து.
5. கொழுப்பு. நிணநீர் கலந்தால் மட்டும், அபூர்வம்.

முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் நோயல்ல. இரண்டும் மூன்றும்தான் டாக்டர் தேடுபவை.

நோயில்லாமலே கலங்கும் நேரங்கள்

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கலங்கலில் தொடங்கலாம், ஏனென்றால் ஆரோக்கியமாக இருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது அதுதான். வயிறு நிறையச் சாப்பிட்டதும் செரிமானத்துக்காக இரைப்பை அமிலம் சுரக்கிறது. அமிலம் வயிற்றுக்குள் போவதால் ரத்தத்தில் சிறிது நேரம் காரத்தன்மை கூடும். அந்த உபரிக் காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும். காரமான சிறுநீரில் பாஸ்பேட் கரைந்திருக்காது, வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். மதியம் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலங்கலாகப் போய், சாயங்காலம் தெளிவாகிவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். லேபில் அந்தச் சிறுநீரில் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் கண்ணெதிரே தெளிந்துவிடும்.

அடுத்தது குளிர். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போவதற்குள் 8 டிகிரி குறைந்துவிடும். மார்கழி விடியலில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமத்தில் ஒருவர் பரிசோதனைக்காகச் சிறுநீர் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பை விட்டு வெளியே வரும்போது அதன் சூடு 37 டிகிரி. பாட்டிலில் ஊற்றும்போது தெளிவாக இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கலங்கி, அடியில் லேசான செங்கல் நிறத்தில் பொடி படிந்திருக்கிறது. பயந்தே போவார். ஆனால் நடந்தது இதுதான்: அடர்த்தியான, அமிலத்தன்மை உள்ள சிறுநீர் குளிர்ந்ததும் யூரேட் உப்பு பிரிந்து வந்துவிட்டது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதில்லையா? காரணம் வேறு என்றாலும் காட்சி அதேதான். சூடுபடுத்தினால் யூரேட் மறுபடி கரைந்துவிடும். உடம்பிலிருந்து வரும்போதே கலங்கலாக வந்ததா, வெளியே வந்த பிறகு கலங்கியதா என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

பெண்களுக்கு வெள்ளைப்படுதல் சிறுநீரோடு கலந்தால் கலங்கலாகத் தெரியும். சிறுநீர்ப் பையில் எந்தக் கோளாறும் இருக்காது. சாம்பிள் பிடிக்கும் முறை சரியில்லாததால் ‘தொற்று’ என்று ரிப்போர்ட் வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஆண்களுக்கு உடலுறவுக்குப் பின் முதல் முறை போகும் சிறுநீரில் விந்து கலந்திருக்கலாம். அடுத்த முறை தெளிந்துவிடும்.

‘சூடு’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

‘சூடு’ என்பதைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அந்தச் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. உடம்பில் நீர் குறைகிறது, சிறுநீர் அடர்த்தியாகிறது, அடர்த்தியான சிறுநீர் கடுக்கிறது, உப்புகள் பிரிகின்றன என்ற சங்கிலியைத்தான் ஊர்ப் பேச்சு சூடு என்ற ஒரே சொல்லில் அடக்கிவைத்திருக்கிறது.

இந்த மாவட்டத்துத் தொழில்களைப் பார்த்தால் இது இங்கே ஏன் இவ்வளவு சகஜம் என்பது புரியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி உருக்கும் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவர், காற்றோட்டமில்லாத தறிக்கூடத்தில் நிற்பவர், ஜவ்வரிசி ஆலையின் களத்தில் உச்சி வெயிலில் மாவு காயவைப்பவர். இவர்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு வேர்வையாகவே போய்விடும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று சிறுநீர் கழிப்பவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டம் தண்ணீர் கிடைத்தும் குடிக்காதவர்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், தொலைதூரப் பேருந்து ஓட்டுநர்கள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அதனால் குடிப்பதே இல்லை. இதைச் சூடு என்று சொல்வது பிரச்சினையை உடம்பின் தலையில் கட்டிவிடுவது. உண்மையில் இது கழிப்பறைப் பிரச்சினை. அடக்கி வைப்பதால் கெடுதல் இரண்டு மடங்கு: சிறுநீர் அடர்த்தியாவது ஒருபுறம், பைக்குள் நுழைந்துவிட்ட கிருமிகளை அவ்வப்போது அடித்துக்கொண்டு போகும் ஓட்டம் நின்றுபோவது மறுபுறம்.

சூடுதானா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. எரிச்சல் லேசாக இருந்து, காய்ச்சலோ வலியோ ரத்தமோ இல்லாவிட்டால், அன்று முழுக்க நன்றாகத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். நீர்க்குறைவுதான் காரணம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நிறம் வெளுத்து, கலங்கல் தெளிந்து, கடுப்பும் போய்விடும். போகவில்லை என்றால் சூடு என்ற விளக்கத்தை அதோடு விட்டுவிட வேண்டும். மூன்றாம் நாளும் நுங்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது வீண். இன்னொன்று, குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலை எந்தச் சூடும் கொண்டுவராது.

கைவைத்தியம் பற்றியும் சொல்லிவிடலாம். நீர்மோர், பார்லித் தண்ணீர், நுங்கு, இளநீர் எல்லாவற்றின் பலனும் முக்கியமாக அவற்றில் உள்ள நீர்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீரே அளவாகத்தான். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதிகம் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல் எதைக் குடித்தாலும் கரையாது. யூரிக் அமிலக் கல் போன்ற சிலவே மருந்தால் கரையக்கூடியவை. ‘போர் தண்ணி உப்பு, அதான் கல்லு வருது’ என்பதும் நம் ஊரில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. குடிக்கும் தண்ணீரின் உப்பைவிட, தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதே கல்லுக்குப் பெரிய காரணம்.

தொற்று: கலங்கலுக்கு எரிச்சல் துணை வந்தால்

சிறுநீர்ப் பாதைத் தொற்றில் கலங்கலை உண்டாக்குபவை கிருமிகளும், அவற்றோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களும். சீழ் என்று சொல்வது இதைத்தான். மிகப் பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலிலேயே குடியிருப்பது. மலவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்த் துளைக்கு வந்து மேலே ஏறுகிறது. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு இத்தொற்று அதிகம் வருவதற்கு இந்த நீள வித்தியாசமே முதன்மைக் காரணம். ‘சுத்தமில்லை’ என்று அவர்களைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை.

தொற்று சிறுநீர்ப் பையோடு நிற்கும்போது அறிகுறிகள் இப்படி இருக்கும்: கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் வலி, கெட்ட வாடை, சில நேரம் ரத்தம். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் காட்சி மாறும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, குமட்டல், வாந்தி. அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பையோடு நிற்கும் தொற்றுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு, சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு இல்லை.

பலருக்கு ஆச்சரியம் தரக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. சிறுநீரில் கிருமி இருந்தும், சிறுநீர் கலங்கலாக இருந்தும், எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். வயதானவர்களிடமும், சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களிடமும் இது சகஜம். தாத்தாவின் குழாயோடு தொங்கும் பையில் சிறுநீர் கலங்கலாக இருக்கிறதே என்று வீட்டார் பதறுவார்கள். காய்ச்சல், வலி, எரிச்சல் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கொடுத்தால் அடுத்த முறை அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிதான் வளரும்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். கர்ப்ப காலத்தில் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய்கள் விரிந்து தளர்ந்துவிடுவதால், தொந்தரவே தராத கிருமியும் எளிதாகச் சிறுநீரகம் வரை ஏறிவிடும். குறைமாதப் பிரசவத்துக்கும் அது வழிவகுக்கும். அதனால் எரிச்சல் இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். மாதாந்திரப் பரிசோதனையில் சிறுநீரையும் கேட்பது இதற்கும்தான். ‘புள்ளத்தாச்சிக்குச் சூடு இருக்கத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

பாலுறவால் பரவும் தொற்றுகளும் சிறுநீரைக் கலங்கவைக்கும். கொனோரியா, கிளமிடியா வந்த ஆண்களுக்குச் சிறுநீர்த் துளையில் சீழ் கசியலாம். முதலில் வரும் சிறுநீர் கலங்கியும் பின்னால் வருவது தெளிந்தும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்தால் மனைவிக்கும் போகும். சிகிச்சை இருவருக்கும் சேர்த்துத்தான்.

காசநோய் ஒன்றையும் நம் நாட்டில் மறக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் சீழணுக்கள் நிறைய, ஆனால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) எந்தக் கிருமியும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகக் காசநோயா என்று டாக்டர் சந்தேகிப்பார். காசநோய்க் கிருமி வழக்கமான கல்ச்சரில் வளராது. அதற்குத் தனிப் பரிசோதனை.

கல், சர்க்கரை, மற்றவை

கல் இருந்தால் கூடவே படிகங்களும், சில நேரம் ரத்தமும் வந்து சிறுநீரைக் கலக்கும். விலாவிலிருந்து அரைவரை இறங்கும், புரண்டு புரண்டு படுத்தாலும் தணியாத வலிதான் அதன் அடையாளம். சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கித் தாமே கல்லை வளர்க்கும். அந்தக் கல்லுக்குள் பதுங்கிக்கொண்டு தொற்று திரும்பத் திரும்ப வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சர்க்கரை தானாகச் சிறுநீரைக் கலக்காது. அது கரைந்தே இருக்கும். ஆனால் கிருமிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றி வேலை செய்பவை. இவற்றை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். அரிப்பும் வெள்ளைப் படிவும் இருந்தால் அதுவாக இருக்கலாம். இவர்கள் சிறுநீர் ரிப்போர்ட்டில் சர்க்கரை எப்போதும் ‘பிளஸ்’ என்றுதான் வரும். அதைப் பார்த்து மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் பையில் தேங்கலாம். தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பது போலத்தான் அப்புறம் தொற்றும்.

சிறுநீர் பாலைப் போலவே வெள்ளையாக வந்தால், குறிப்பாக நெய், எண்ணெய் அதிகம் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி வந்தால், நிணநீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அடைத்து, அது சிறுநீர்ப் பாதைக்குள் உடைத்துக்கொள்வதால் இப்படி நேரும். புழு உடம்பில் புகுந்து பல ஆண்டுகள் கழித்தும் நேரலாம். இது அபூர்வம்.

நுரை: கலங்கலின் உறவினர் அல்ல. நுரைத்த சிறுநீர் பெரும்பாலும் வேகமாக விழுவதால் வருவது. ஆனால் தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்காத நுரை நாள்தோறும் வந்தால் புரதம் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். ‘கிட்னி பழுது’ என்ற அச்சம் கலங்கலைவிட நுரைக்குத்தான் அதிகம் பொருந்தும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முகமும் காலும் வீங்கினால் தாமதிக்கவே கூடாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நேரம் காலம் பார்க்காமல், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

1. கலங்கலோடு குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு அல்லது விலா வலி, வாந்தி.
2. கல் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வருவது. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் கோக்கும் அபாயம் இது. ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, அடைப்பை வடிக்க வேண்டும்.
3. முட்டிக்கொண்டு நின்றும் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புவது, அல்லது நாள் முழுக்கச் சிறுநீரே வராதது.
4. வயதானவர் திடீரென்று பேச்சுக் குழறி, ஆள் தெரியாமல், துவண்டு போவது.
5. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல். குழந்தை எரிச்சலைச் சொல்லாது. பால் குடிக்காமல் சிணுங்கும், அவ்வளவுதான்.
6. கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ இடுப்பு வலியோ.

மலையிலிருந்து இறங்க வாகனம் இல்லாவிட்டால் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். மேலே சொன்ன ஆறும் அதற்கு உரியவையே.

ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டியவை:

1. எரிச்சல், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி ஆகியவற்றோடு கலங்கல்.
2. நன்றாகத் தண்ணீர் குடித்தும் ஓரிரு நாளில் தெளியாத கலங்கல்.
3. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் எந்தச் சிறுநீர்த் தொற்றும். இவர்களுக்கு அது சாதாரணமாக வராது. வந்தால் அடைப்போ பிறவிக் குறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
4. ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது ஆண்டில் மூன்று முறை திரும்ப வரும் தொற்று.
5. சர்க்கரை நோய், மாற்றுச் சிறுநீரகம், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு வரும் கலங்கல்.
6. ரத்தம். ஒரே ஒரு முறை வந்து, வலியே இல்லாமல், தானாக நின்றுபோனாலும் சரி. ‘நின்னுருச்சே’ என்று விட்டுவிடும் பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பைப் புற்றுநோய் தெரியவருகிறது. புகைபிடிப்பவர்களும், சாயப்பட்டறை போன்ற இடங்களில் அரோமேட்டிக் அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த சாயங்களோடு ஆண்டுக்கணக்கில் புழங்கியவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேறு தொந்தரவு எதுவுமின்றி எப்போதாவது ஒரு வேளை கலங்கி, அடுத்த வேளை தெளிந்துவிட்டால் எங்கும் போக வேண்டியதில்லை.

மருந்துக்கடைச் சிரப்பும் நாலு மாத்திரையும்

கடையில் தரும் சிரப் பெரும்பாலும் சிட்ரேட் உப்புக் கரைசல். அது சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும்; கிருமியைக் கொல்லாது. எரிச்சல் அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம், கிருமி உள்ளே வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், சிறுநீர் காரமாகும்போது பாஸ்பேட் பிரிந்து சிலருக்குக் கலங்கல் கூடவும் செய்யலாம்.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. செஃபிக்சிம் உள்ளிட்ட பல மருந்துகள் 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் போட்டு நிறுத்திய அரைகுறை மருந்து, தொற்றைப் பாதி அமுக்கிவைக்கும். அதற்குப் பிறகு கொடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியும் அடைபடும். கல்ச்சர் தேவைப்படும் நோயாளி என்றால் சாம்பிளைக் கொடுத்த பிறகுதான் முதல் மாத்திரை.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

‘யூரின் ரொட்டீன்’ ரிப்போர்ட்டில் முதலில் கண்ணில் படுவது ‘டர்பிட்’ அல்லது ‘ஹேஸி’ என்ற சொல். கலங்கல் என்பதைத்தான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்கிறது. புதிதாக எதையும் சொல்லவில்லை. பார்க்க வேண்டியவை வேறு:

1. பஸ் செல்ஸ். சீழணுக்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்கு 5 வரை வழக்கமானது. 20, 30 என்றால் அழற்சி.
2. எபிதீலியல் செல்ஸ். உதிர்ந்த தோல் செல்கள். இது நிறைய இருந்தால் சாம்பிள் வெளித்தோலைத் தொட்டு வந்திருக்கிறது என்று பொருள். பஸ் செல்லும் இதுவும் சேர்ந்தே கூடியிருந்தால் மருந்துக்கு முன் மறுசாம்பிள் கேட்பது நல்லது.
3. நைட்ரைட். பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். நெகட்டிவ் என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. எல்லாக் கிருமிகளும் நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை.
4. ஆல்புமின். புரதம். காய்ச்சலின்போது கொஞ்சம் காட்டலாம். காய்ச்சல் போன பிறகும் இருந்தால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.
5. அமார்பஸ் பாஸ்பேட், அமார்பஸ் யூரேட். முன்பு பார்த்த உப்புகள். இவை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ஓரிரு நாள் ஆகும், சில நேரம் மூன்று. ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிகளுக்கு மேல் வளர்ந்தால் தொற்று என்பது பழைய அளவுகோல். எரிச்சல் உள்ளவருக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் டாக்டர் பொருட்படுத்துவார். மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் சாம்பிள் கெட்டிருக்கிறது என்றே கொள்ளலாம்.

சாம்பிள் பிடிக்கும் முறை

முழுப் பரிசோதனையும் இந்தப் பாட்டிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்து “அங்க போய் புடிச்சுட்டு வாங்க” என்று கழிப்பறையைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

1. கையைக் கழுவி, பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாக.
2. முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.
3. பாட்டிலின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தொடக் கூடாது. வீட்டிலிருந்து கழுவிய ஊறுகாய் பாட்டிலோ டானிக் பாட்டிலோ கூடவே கூடாது.
4. மாதவிடாய் நாட்களில் முடிந்தால் தள்ளிப்போடலாம். முடியாவிட்டால் லேபில் சொல்லிவிட வேண்டும்.
5. அறைச் சூட்டில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் கல்ச்சருக்கு 24 மணி நேரம் வரை தாங்கும்.

ஐந்தாவது விதிதான் மலைக்காரர்களுக்குச் சிக்கல். நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ விடியற்காலை பிடித்த சாம்பிள், பேருந்துக்குக் காத்திருந்து, வளைவுகள் இறங்கி, அடிவாரம் வந்து, சேலத்தில் லேபைத் திறக்கும் வரை இன்னும் காத்திருக்கும். மேலே குளிரில் யூரேட் பிரிந்திருக்கும். கீழே வெயிலில், ஒட்டிக்கொண்டு வந்த நாலைந்து கிருமிகள் பல்கிப் பெருகியிருக்கும், ஈ.கோலைக்குத் தோதான சூடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இல்லாத தொற்றுக்கு இருப்பதாக ரிப்போர்ட் வர இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதனால் மலையிலிருந்து சேலத்துக்கு வருபவர்கள் வீட்டில் பிடித்த பாட்டிலைச் சுமந்து வர வேண்டாம். காலையில் வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டு, பேருந்தில் இறங்கி லேபுக்கு வந்து, அங்கேயே பிடித்துக் கொடுக்கலாம். காலை முதல் சிறுநீர்தான் வேண்டும் என்று டாக்டர் குறிப்பாகக் கேட்டிருந்தால் மட்டும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க முடியுமா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும்.